பலகைத் தளத்தில் டைல் பதிக்க முன்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலையில் பெரும்பாலான வீடுகள் கொங்கிரீட் தளம் உடையவை. அவற்றில் டைல் பதிக்கும் முறையை எந்த மேசனும் அறிவார். இந்தப் பக்கம் மரத்தளத்தைப் பற்றியது. நகரின் பழைய மாடி வீடுகளிலும் கடைகளின் மேல்மாடிகளிலும் இன்னும் பலகைத் தளங்கள் உள்ளன. உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் மரத்தூண்களின் மேல் எழுப்பிய கபானாக்களும், அதாவது விருந்தினர் குடில்களும், உள்ளன. இவற்றுக்கு டைல் போட விரும்புவோர் கடைக்குச் சென்று முதலில் டைலின் நிறத்தைத் தேர்கிறார்கள். தளத்தின் அடிப்பக்கத்தைப் பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆயினும் மரத்தளத்தில் டைல் நிலைப்பதும் பெயர்வதும் அந்த அடிப்பக்கத்து வேலையில்தான் தங்கியிருக்கிறது.

பலகையின் மேல் நேரடியாக டைலை ஒட்டினால் என்ன நடக்கும்?

ஒட்டும், சில மாதங்களுக்கு நன்றாகவும் இருக்கும். பின்னர் பலகைகளின் மூட்டுகள் எங்கெங்கு உள்ளனவோ அந்த வரிசையிலேயே, டைல்களின் இடைவெளியை நிரப்பும் கிரவுட்டில் மெல்லிய கீறல் ஓடும். அதன் பின் டைலே பிளக்கும்.

மரம் காற்றிலுள்ள ஈரத்தை ஏற்று விரியும், விட்டுச் சுருங்கும். நீளவாக்கில் அது ஏறக்குறைய அசைவதே இல்லை. அசைவு முழுவதும் அகலத்தில்தான். பச்சை நிலையிலிருந்து முற்றாக உலரும்போது தேக்கு ஆரத் திசையில், அதாவது நடுவிலிருந்து பட்டையை நோக்கி, 2.5 சதவீதமும், வளையத் திசையில், அதாவது ஆண்டு வளையங்களின் போக்கில், 5.8 சதவீதமும் சுருங்குகிறது. தேக்கோ அசைவு குறைந்த மரம் என்று பெயர் பெற்றது. மற்றப் பல மரங்கள் இதைவிடக் கூடுதலாகச் சுருங்கும். எங்கள் பகுதியில் மே முதல் செப்டெம்பர் வரை கச்சான் காற்று வீசும் மாதங்களில் பலகை உலர்ந்து ஒடுங்குகிறது. ஒக்டோபரின் பிற்பகுதியில் தொடங்கி ஜனவரி வரை நீளும் வடகீழ்ப் பருவமழையில் அதே பலகை ஈரத்தை உறிஞ்சி அகல்கிறது. காற்றின் ஈரப்பதன் 65 சதவீதத்தில் நிலைத்திருந்தால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 12 சதவீதத்திலும், 85 சதவீதத்தில் நிலைத்திருந்தால் 17 அல்லது 18 சதவீதத்திலும் வந்து நிற்கும். இந்த வேறுபாட்டில் 6 அங்குல அகலமுள்ள ஒரு தேக்குப் பலகை ஒரு மில்லிமீற்றர் முதல் ஒன்றரை மில்லிமீற்றர் வரை அகலம் மாறலாம். சுட்ட களிமண்ணாலான டைல் இந்த அசைவில் ஒரு சிறு பங்கும் அசையாது. ஆகவே டைலுக்கும் பலகைக்கும் இடையே, பலகையின் அசைவை மேலே விடாத ஓர் ஏற்பாடு கட்டாயம் இருக்க வேண்டும்.

என் வீட்டுத் தளம் டைலைத் தாங்குமா என்பதை எப்படி அறிவது?

தாங்குமா என்பதை விட, எவ்வளவு வளைகிறது என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. உடையாமல் பத்துப் பேரைச் சுமக்கும் தளம்கூட டைலுக்கு உதவாத அளவு வளையலாம். இதற்கென உலகெங்கும் வழக்கிலுள்ள அளவு ஒன்று உண்டு: கணக்கிட்ட சுமை முழுவதும் ஏறும்போது, பலகையை அடியில் தாங்கும் குறுக்கு மரமான தீராந்தியின் நடுப்பகுதி கீழிறங்கும் தூரம், அதன் இரு தாங்கல்களுக்கும் இடையிலான நீளத்தில் 360இல் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. கிரனைட், சலவைக்கல் போன்ற இயற்கைக் கல்லாயின் 720இல் ஒரு பங்கு. 12 அடி, அதாவது ஏறக்குறைய 3.6 மீற்றர் நீளத் தீராந்திக்கு முதல் அளவு 10 மில்லிமீற்றர். கல்லுக்கு 5 மில்லிமீற்றர்.

கணக்குப் பார்க்கும் பொறியியலாளரை அழைக்க முடிந்தால் அதுவே முறை. அதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். கீழ்மாடியில், தீராந்தியின் நடுப்பகுதிக்கு நேர் கீழே நேரான ஒரு சட்டத்தை நிமிர்த்தி நிறுத்தி, அதன் நுனிக்கும் தீராந்தியின் அடிக்கும் இடையில் விரல் அளவு இடைவெளி விடுங்கள். இடைவெளியை மில்லிமீற்றரில் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் மேலே இருவர் அந்தத் தீராந்தியின் நடுவில் நெருங்கி நிற்க, மீண்டும் அளக்க வேண்டும். 12 அடித் தீராந்தி இருவரின் சுமைக்கே 3 மில்லிமீற்றருக்கு மேல் இறங்கினால், அந்தத் தளத்தை வலுப்படுத்தாமல் டைல் வாங்கச் செல்ல வேண்டாம் என்பதே என் கருத்து. தீராந்திகளுக்கு இடையிலுள்ள பலகையையும் இவ்வாறே பார்க்க வேண்டும். குதிகாலால் மிதிக்கும்போது அலுமாரிக் கண்ணாடி அதிருமாயின் அதுவும் போதிய சான்று.

டைலோடு எவ்வளவு எடை கூடுகிறது?

10 மில்லிமீற்றர் தடிப்புள்ள டைல் சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 23 கிலோ. 12 மில்லிமீற்றர் பிளைவுட் 7 கிலோ, 6 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை 8 கிலோ, பசை 5 கிலோ அளவில் வரும். ஆக 43 கிலோ. பத்தடிக்குப் பத்தடி அறையில் இது 400 கிலோ.

வளையும் தளத்தை எப்படி விறைப்பாக்குவது?

தீராந்தியின் நீளத்தைக் குறைப்பதற்கு நிகரான வழி வேறில்லை. கீழ்மாடியில் இடமிருந்தால், தீராந்திகளுக்குக் குறுக்காக நடுவில் ஒரு விட்டத்தை வைத்துத் தூண்களில் தாங்குங்கள். பரவிக் கிடக்கும் சுமைக்கு வளைவு நீளத்தின் நான்காம் அடுக்கைப் பின்பற்றுவதால், நீளம் பாதியாகும்போது வளைவு ஏறக்குறைய பதினாறில் ஒரு பங்காகிவிடும். கபானாக்களில் இது மிக எளிது: அடியில் இடமிருக்கிறது, இன்னொரு வரிசைத் தூணும் விட்டமும் ஒரு நாள் வேலைதான். ஆனால் புதிய தூண் மணலில் நேரே நிற்கக் கூடாது. அதற்குக் கீழே கொங்கிரீட் அடிமானம் வேண்டும். இல்லாவிட்டால் முதல் மழையில் தூண் அமிழ்ந்து, தளத்தைத் தாங்குவதற்குப் பதிலாக அதில் தொங்கும்.

கீழே தூண் வைக்க முடியாத இடத்தில், பழைய தீராந்தியின் பக்கத்தில் அதே உயரமுள்ள இன்னொன்றை இணைத்துப் போல்ட் போட்டு இறுக்கலாம். இங்கு உயரமே முக்கியம். மரத்தின் விறைப்பு உயரத்தின் மூன்றாம் அடுக்கில் கூடுகிறது. ஆகவே 4 அங்குல உயரமுள்ள சட்டத்தை இரட்டிப்பதால் விறைப்பு இரண்டு மடங்கே ஆகும், 8 அங்குல உயரமுள்ள ஒன்றோ தனியாகவே எட்டு மடங்கு விறைப்பானது. தீராந்திகளுக்கு இடையே குறுக்குக் கட்டைகளை இறுக்கமாக அடித்தால் ஒன்றின் சுமையை மற்றவை பகிர்ந்துகொள்ளும், அதிர்வும் குறையும். அது துணை வேலை மட்டுமே, மேற்சொன்ன இரண்டுக்கும் ஈடாகாது.

மரம் உளுத்திருக்கிறதா, கறையான் பிடித்திருக்கிறதா என்பதை எங்கே பார்க்க வேண்டும்?

சுவருக்குள் செல்லும் தீராந்தியின் நுனிகளில் பாருங்கள். பழைய சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் மழைநீரை உறிஞ்சி நெடுநாள் வைத்திருக்கும். காற்றுப் படாத அந்தக் குழியில்தான் மரம் முதலில் கெடுகிறது. நடுவில் இரும்பு போல் ஒலிக்கும் முதிரைத் தீராந்தி, சுவரிலிருந்து ஒரு சாண் தூரத்தில் மெத்தென்று ஒலிப்பதுண்டு. மெல்லிய ஸ்குரூ டிரைவரை அந்த இடத்தில் சாய்வாகக் குத்துங்கள். நல்ல மரத்தில் அது நுனியளவு இறங்கி நின்றுவிடும். இழுத்தால் நீண்ட சிராய் எழும். கெட்ட மரத்தில் தடையின்றி அங்குலக் கணக்கில் உள்ளே போகும். வெளியே எடுக்கும்போது கபிலநிறத் தூள் உதிரும், எழும் துண்டும் குறுக்காக நொறுங்கும். அத்தகைய நுனியை வெட்டி நீக்கி, பக்கத்தில் புதிய மரம் இணைத்துச் சுவரில் அமர்த்த வேண்டும். புதிய நுனியைச் சுற்றிச் சாந்து அப்பாமல் சிறிது காற்று இடம் விடுவது நல்லது.

கறையான் சுவரிலும் தூணிலும் மண்பாதை அமைத்து ஏறும். அந்தப் பாதையைச் சுரண்டி நீக்குவதால் மட்டும் பயனில்லை, கீழே மண்ணுக்கு மருந்திட வேண்டும். தளத்தை மூடுவதற்கு முன், திறந்திருக்கும் மரம் முழுவதற்கும் மரத்தைக் காக்கும் உப்பான போரேட் கலந்த நீர்க்கரைசலைப் பூசுவது என் பரிந்துரை. டைல் பசை படும் மேற்பரப்பில் எண்ணெய் கலந்த மருந்துகளைப் பூசக் கூடாது. அவற்றின் மேல் பசை பிடிக்காது. ஈரப்பத மானி கிடைத்தால் தீராந்தியை அளந்து பாருங்கள்: 20 சதவீதத்துக்கு மேல் நிற்கும் மரத்தில் பூஞ்சை வளர இடமுண்டு. அவ்வாறாயின் நீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். 2020 டிசெம்பர் தொடக்கத்தில் திருகோணமலைக்கு வடக்கே கரை கடந்த புரேவி போன்ற புயல்களில், ஓட்டுக்கூரையின் ஓரங்கள் வழியே உள்ளே அடித்த மழை மேல்மாடிப் பலகையில் கறையாகப் பதிந்திருக்கும். கூரையைச் செப்பனிடாமல் தளத்தைச் செப்பனிடுவது வீண்.

பழைய பலகையைக் கழற்றிவிடுவதா, அதன் மேலேயே வேலை செய்வதா?

முதலில் ஒரு வேண்டுகோள். பழைய மாடிகளில் தேக்கு, முதிரை, வெளிநாட்டு மரச்சந்தையில் திருகோணமலை மரம் என்ற பெயருடன் விற்கப்பட்ட ஹல்மில்ல ஆகியவை பலகையாக இருக்கக்கூடும். அந்த அகலத்திலும் முதிர்விலும் இன்று மரம் வாங்குவது மிகக் கடினம். பலகை நல்ல நிலையில் இருந்தால் அதை இழைத்து மெருகிடுவதே உரிய செயல் என்று நான் உறுதியாக எண்ணுகிறேன். டைல் வேண்டிய இடம் சமையலறை, குளியலறை போன்ற நீர் புழங்கும் பகுதி மட்டுமே. கட்டடம் தொல்பொருள் திணைக்களத்தின் பாதுகாப்பில் இருக்குமாயின் அனுமதியின்றி எதையும் தொட வேண்டாம்.

மூடுவதென்று முடிவானால், பலகை முழுத் தடிப்போடு, அதாவது முக்கால் அங்குலம் அளவிலாவது, உளுக்காமல் இருந்தால் அதை வைத்துக்கொள்ளலாம். ஆடும் ஒவ்வொரு பலகையையும் தீராந்தியில் ஸ்குரூ போட்டு இறுக்க வேண்டும்; பழைய ஆணியைத் திரும்ப அடிப்பது போதாது, அது தன் துளையிலேயே வழுகும். ஓரங்கள் எழும்பிக் கிண்ணம் போல் வளைந்த பலகைகளின் விளிம்பை ஓடாவியைக் கொண்டு சீவிச் சமப்படுத்துங்கள். பழைய பெயின்றில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தேய்த்துத் தூளாக்காமல் ஈரமாகச் சுரண்டி எடுப்பது பாதுகாப்பானது. பலகை மெலிந்தோ பல இடங்களில் கெட்டோ இருந்தால் கழற்றிவிடுங்கள். தீராந்திகளை நேரே கண்ணால் பார்க்கும் வாய்ப்பும் கிடைக்கும்.

எந்தப் பிளைவுட், எத்தனை தடிப்பு?

நீரைத் தாங்கும் பசையால் ஒட்டிய மரைன் பிளைவுட் அல்லது வெளிப்புறத் தரப் பிளைவுட். சிப்போட், எம்டிஎஃப், மெலமைன் பலகை எதுவும் டைலின் கீழ் இருக்கக் கூடாது. ஈரம் பட்டால் அவை ஊதிப் பெருத்து, உலர்ந்த பின்னும் பழைய அளவுக்குத் திரும்புவதில்லை. கடையில் மரைன் என்று சொல்லி விற்கப்படும் எல்லாமே மரைன் அல்ல. ஒரு சிறு துண்டை வெட்டி வாங்கி, கொதிநீரில் சில மணி நேரம் போட்டுப் பாருங்கள். அடுக்குகள் பிரிந்தால் அந்தக் கடையில் அந்தப் பலகையை வாங்க வேண்டாம். வெட்டுமுகத்தில் அடுக்குகளின் இடையே வெற்றிடங்கள் தெரிகின்றனவா என்பதையும் பார்க்க வேண்டும்.

தீராந்திகள் 16 அங்குல இடைவெளியில் இருந்து, பலகை கழற்றப்பட்டிருந்தால், 18 மில்லிமீற்றர் பிளைவுட் ஒன்றும் அதன் மேல் 12 மில்லிமீற்றர் ஒன்றுமாக இரண்டு அடுக்கு போடுங்கள். பழைய பலகையை வைத்துக்கொண்டால் அதன் மேல் 12 மில்லிமீற்றர் குறைந்த அளவு. 15 கிடைத்தால் அதுவே நல்லது. பழைய வீடுகளில் தீராந்திகள் 2 அடி இடைவெளியிலும் இருப்பதுண்டு. அங்கே தடிப்பைக் கூட்டுவதை விட இடையில் புதிய சட்டங்கள் சேர்ப்பதே சிக்கனம்.

பிளைவுட்டை எப்படிப் பதிக்க வேண்டும்?

மேற்பரப்பு நார் தீராந்திகளுக்குக் குறுக்காக ஓட வேண்டும். பழைய பலகையின் மேல் போடும்போதும் இதையே நினைவில் கொள்ளுங்கள். மூட்டுகள் பலகையின் மூட்டுகளோடு ஒரே கோட்டில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரு சீற்றுகளுக்கு இடையே 3 மில்லிமீற்றரும், சுவரோரத்தில் 6 மில்லிமீற்றரும் இடைவெளி விட வேண்டும். ஓடாவிமார் இதைக் குறைபாடாகக் கருதி இறுக்கி அடிக்க விரும்புவார்கள். மழைக்காலத்தில் இறுக்கிய மூட்டு மேலெழும்பி டைலைத் தூக்கிவிடும் என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லிவிட்டு, ஓர் ஆணியை இடையில் வைத்து இடைவெளியை நிலைப்படுத்தச் சொல்லுங்கள். நான்கு சீற்றுகளின் மூலைகள் ஓரிடத்தில் சந்திக்காதபடி செங்கல் அடுக்குவது போல் மாறிமாறிப் போட வேண்டும்.

முதல் அடுக்கின் ஸ்குரூ தீராந்திக்குள் நன்றாக இறங்க வேண்டும். இரண்டாம் அடுக்கின் ஸ்குரூவோ தீராந்தியைத் தொடாமல் கீழ் அடுக்கோடு நின்றுவிட வேண்டும். தீராந்தியின் அசைவு நேரே மேல் அடுக்குக்கு வராதிருப்பதற்கே இந்த விதி. ஓரங்களில் 6 அங்குலத்துக்கு ஒன்று, உள்ளே 8 அங்குலத்துக்கு ஒன்று என்ற கணக்கில் போடுங்கள். பழைய பலகையோடு பிளைவுட்டைப் பசை பூசி ஒட்டுவதை நான் விரும்புவதில்லை. பலகை தன் போக்கில் அகலவும் ஒடுங்கவும் அதற்கு இடம் வேண்டும். தலை மேலே துருத்தாமல், பலகைக்குள் புதையாமல், மட்டமாக இருக்கிறதா என்பதை உள்ளங்கையால் தடவிப் பாருங்கள்.

எந்த ஸ்குரூ வாங்குவது?

கடற்கரையிலிருந்து சிறிது தூரத்துக்குள் இருக்கும் வீட்டுக்கு 316 தரத் துருப்பிடிக்காத உருக்கு. நகரின் உட்பகுதியில் 304 போதும். சீலிங் வேலைக்கு விற்கப்படும் கறுப்பு ஸ்குரூவை வாங்க வேண்டாம். அது அசைவில் தலை தெறித்துவிடும். உப்புக்காற்றில் துருப்பிடித்து மெலியும்.

மேசன் மணலும் சீமெந்தும் கலந்து இரண்டு அங்குலம் போட்டுவிட்டால் போதும் என்கிறார். சரியா?

அவர் சொல்வது முற்றிலும் பிழையல்ல. மரத்தளத்தின் மேல் நீர் புகாத தாள் விரித்து, கம்பிவலை வைத்து, குறைந்தது ஒன்றேகால் அங்குலத் தடிப்பில் சாந்துப் படுக்கை இடும் முறை உலகில் நெடுங்காலமாக உள்ளது. தாள் இருப்பதால் படுக்கை மரத்தோடு ஒட்டாமல் தனித் தளமாக நிற்கிறது. ஆனால் எடையைக் கணக்குப் பாருங்கள். இரண்டு அங்குலச் சாந்து சதுர மீற்றருக்கு ஏறக்குறைய 100 கிலோ. மேலே சொன்ன பத்தடி அறையில் 900 கிலோவைத் தாண்டும், அதன் மேல் டைலும் உண்டு. இந்தச் சுமையைப் பழைய தீராந்திகள் தாங்கும் என்று பொறியியலாளர் ஒருவர் எழுத்தில் தந்தால் செய்யலாம். தாளும் வலையும் இன்றிப் பலகையின் மேல் நேரே சாந்து கொட்டுவது மட்டும் எந்த நிலையிலும் கூடாது: ஈரச் சாந்தின் நீர் முழுவதையும் பலகை குடித்து ஊதும், நீரிழந்த சாந்தோ வலுவின்றி உதிரும்.

பிளைவுட்டின் மேல் சீமெந்துப் பலகையா, பிரிக்கும் விரிப்பா?

இரண்டும் ஏற்றவை. 6 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை விறைப்பைக் கூட்டுவதில்லை என்பதை முதலில் மனத்தில் இருத்துங்கள். டைல் பசை நன்றாகப் பிடிக்கக்கூடிய, ஈரத்தால் அளவு மாறாத மேற்பரப்பைத் தருவதே அதன் பணி. அதை வெறும் பிளைவுட்டின் மேல் ஸ்குரூவால் பொருத்துவது இங்கு அடிக்கடி காணப்படும் குறைபாடு. பல்வெட்டுள்ள கரண்டியால் டைல் பசையைப் பிளைவுட்டில் பரப்பி, அது ஈரமாக இருக்கும்போதே பலகையை அமர்த்தி அழுத்தி, அதன் பின் ஸ்குரூ போட வேண்டும். அடியில் உள்ள பசை ஒட்டுவதற்காக மட்டுமன்று, வெற்றிடங்களை நிரப்புவதற்காகவும் இடப்படுகிறது. வெற்றிடத்தின் மேல் நிற்கும் பலகை ஒவ்வொரு காலடிக்கும் மேலும் கீழும் அசையும். பலகைகளுக்கு இடையே 3 மில்லிமீற்றர் விட்டு, அந்த இடைவெளியைப் பசையால் நிரப்பி, காரத்தைத் தாங்கும் கண்ணாடியிழை நாடாவை ஒட்டி மேலே மெல்லிய பூச்சு இடுங்கள்.

பிரிக்கும் விரிப்பு என்பது குழிகள் கொண்ட பொலித்தீன் பாய். 3 மில்லிமீற்றர் தடிப்பு. அடியிலுள்ள துணிப்படலம் பிளைவுட்டோடு ஒட்டும், மேலே உள்ள குழிகளில் டைல் பசை பூட்டிக்கொள்ளும், இடையிலுள்ள பாய் பக்கவாட்டு அசைவை உள்வாங்கும். உயரம் குறைவு, எடை மிகக் குறைவு. கொழும்பிலிருந்து வரவழைக்க வேண்டியிருந்தாலும், பழைய மெலிந்த தீராந்திகள் உள்ள வீட்டுக்கு நான் இதையே தேர்வேன். ஆனால் மேலும் கீழுமான வளைவை எந்த விரிப்பும் தடுக்காது.

சீலிங்குக்குப் பயன்படும் அஸ்பெஸ்டஸ் தட்டைச் சீற்றைப் போடலாமா?

கூடாது. அது சுமைக்கு முறியும். வெட்டும்போதும் துளையிடும்போதும் எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு.

தளம் எவ்வளவு சமமாக இருக்க வேண்டும்?

10 அடி நீளமுள்ள நேரான அலுமினியச் சட்டத்தை எல்லாத் திசையிலும் வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் 15 அங்குலத்துக்கு மேற்பட்ட டைலாயின் சட்டத்தின் கீழ் 3 மில்லிமீற்றருக்கு மேல் வெளிச்சம் தெரியக் கூடாது. சிறிய டைலுக்கு 6 மில்லிமீற்றர் வரை பொறுக்கலாம். மேடுகளைச் சீவுங்கள், பள்ளங்களை, மரத்தளத்துக்கு ஏற்றது என்று பொதியில் எழுதியுள்ள மட்டமாக்கும் கலவையால், உரிய பிரைமர் பூசிய பின் நிரப்புங்கள். டைல் பசையைத் தடிப்பாக இட்டு மட்டம் சரிசெய்யலாம் என்று நினைக்க வேண்டாம். உலரும்போது பசை சுருங்கி டைலின் ஒரு மூலையைக் கீழே இழுக்கும்.

எந்தப் பசை, எந்த அளவு டைல்?

ஐரோப்பியத் தரமான ஈஎன் 12004 இன்படி சி2 வகையும் (மேம்பட்ட சீமெந்துப் பசை) எஸ்1 நெகிழ்வும் உடைய பசையைக் கேளுங்கள். பொதியின் மேல் அது அச்சிடப்பட்டிருக்கும். எஸ்1 என்றால் சோதனைக் கீற்று 2.5 முதல் 5 மில்லிமீற்றருக்குள் உடையாமல் வளைகிறது, எஸ்2 என்றால் 5 மில்லிமீற்றரும் அதற்கு மேலும் வளைகிறது என்று பொருள். கொங்கிரீட் தளத்துக்கு விற்கப்படும் மலிவான சாதாரணப் பசையை மரத்தளத்தில் பயன்படுத்தினால் மற்றச் செலவெல்லாம் வீணாகும்.

டைல் 12 அல்லது 16 அங்குலச் சதுரமாகவும், 8 மில்லிமீற்றருக்குக் குறையாத தடிப்போடும், கிரவுட் இடைவெளி 3 மில்லிமீற்றராகவும் இருப்பது நல்லது. இரண்டடிச் சதுர டைல் இன்று எல்லாருக்கும் பிடித்திருக்கிறது. அது கேட்கும் சமதளத்தை மரத்தில் அடைவது மிகுந்த உழைப்பு. முதல் சில டைல்களை வைத்து அழுத்திய பின் ஒன்றை மீண்டும் தூக்கி அடிப்பக்கத்தைப் பாருங்கள். உலர்ந்த அறையில் 80 சதவீதமாவது, நீர் புழங்கும் அறையில் 95 சதவீதமாவது பசை படிந்திருக்க வேண்டும். கரண்டியின் வரிகள் நசுங்காமல் கோடு கோடாகவே நின்றால், பசை உலரத் தொடங்கிவிட்டது அல்லது அழுத்தம் போதவில்லை. கச்சான் அடிக்கும் பிற்பகலில், யன்னல் திறந்த அறையில் பரப்பிய பசை சில நிமிடங்களிலேயே மேல்தோல் கட்டிவிடும். ஆகவே ஒரே நேரத்தில் இரண்டு மூன்று டைலுக்குரிய இடத்தில் மட்டும் பசை பரப்பி, சீமெந்துப் பலகையை ஈரப் பஞ்சால் துடைத்துக்கொண்டு வேலை செய்ய வேண்டும்.

ஆண்டில் எந்தக் காலம் உகந்தது?

பெப்ரவரி முதல் ஏப்ரல் வரை. பருவமழையின் ஈரம் வடிந்து, கச்சானின் கடும் உலர்வு தொடங்காத காலம் அது. மரம் தன் இரு எல்லைகளுக்கும் இடையில் நிற்கும். எந்தக் காலமாயினும் பிளைவுட்டை வாங்கிய உடனே அடிக்க வேண்டாம். டைல் போடவிருக்கும் அதே அறையில், இடையிடையே சிறு கட்டை வைத்து, காற்றுப் படும்படி ஒரு கிழமையாவது அடுக்கி வையுங்கள்.

மரத்தளத்தில் குளியலறை அமைக்கலாமா?

தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். எங்கள் வீடுகளில் குளியல் என்பது வாளியில் மொண்டு ஊற்றுவதும் தளம் முழுவதும் நீர் பரவுவதுமாகும். வெளிநாட்டுக் கையேடுகளில் காட்டப்படும் கண்ணாடிக் கூண்டுக்குள் அடங்கும் குளியல் அன்று. விருந்தினர் கபானாக்களில் குளியலறையை மட்டும் தனியே கொங்கிரீட் தளத்தில், மரக்கட்டடத்தோடு ஒட்டியபடி அமைப்பதே நான் எல்லாருக்கும் சொல்லும் வழி.

அப்படியும் மரத்தில்தான் அமைக்க வேண்டுமென்றால், நீர் வடியும் சாய்வைப் பிளைவுட்டின் கீழேயே சாய்வாகச் சீவிய சட்டங்களால் அமையுங்கள். 50 அங்குலத்துக்கு ஓர் அங்குலம் என்ற கணக்கு நன்று. சீமெந்துப் பலகையின் மேல் திரவ நீர்த்தடைப் பூச்சை இரண்டு முறை, ஒன்றுக்கொன்று குறுக்காகப் பூசி, மூலைகளிலும் குழாய்களைச் சுற்றியும் துணி பதித்து, சுவரில் தளத்திலிருந்து குறைந்தது 6 அங்குலமும் நீர் தெறிக்கும் பக்கத்தில் ஆள் உயரமும் ஏற்றுங்கள். பூச்சு முற்றாக உலர்ந்த பின் வடிகாலை அடைத்து, நீர் தேக்கி 24 மணி நேரம் விட்டு, கீழிருந்து விளக்கோடு பாருங்கள். ஒரு சொட்டுக் கறை தெரிந்தாலும் டைல் பதிக்கும் வேலையைத் தொடங்கக் கூடாது. டைலும் கிரவுட்டும் நீரைத் தடுப்பவை அல்ல. தடுப்பது இந்தப் பூச்சு ஒன்றே.

சுவரோரத்தில் கிரவுட் போடலாமா?

போடக் கூடாது. டைலுக்கும் சுவருக்கும் இடையே 6 மில்லிமீற்றர் விட்டு, அதைச் சிலிக்கனால் நிரப்புங்கள். கீழ்ப்பட்டி அதை மறைத்துக்கொள்ளும். நீண்ட மண்டபமாயின் 20 முதல் 25 அடிக்கு ஒரு முறையும், வெயில் நேரே விழும் வராந்தாவில் 8 முதல் 12 அடிக்கு ஒரு முறையும் கிரவுட்டுக்குப் பதில் சிலிக்கன் கோடு வர வேண்டும். இருவகைத் தளங்கள் சந்திக்கும் கதவு நிலையிலும் இதுவே விதி.

தளம் உயர்ந்துவிடுமே, கதவுக்கும் படிக்கும் என்ன செய்வது?

12 மில்லிமீற்றர் பிளைவுட், 6 மில்லிமீற்றர் சீமெந்துப் பலகை, பசைகள், டைல் எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒன்றேகால் அங்குலம் உயரும். கதவின் அடியை அறுப்பது எளிது. மாடிப்படியே கவலைக்குரியது: கடைசிப் படி மட்டும் மற்றவற்றை விட ஒன்றேகால் அங்குலம் உயர்ந்தால், இருட்டில் ஏறும் முதியவர்கள் கால் தடுக்கி விழுவார்கள். வேலை தொடங்குமுன் படிகளை அளந்து, ஒவ்வொரு படியிலும் சிறிது சிறிதாக உயரத்தைப் பகிர்வதா, படியருகே டைலை நிறுத்திச் சாய்வான மரப்பட்டி வைப்பதா என்று முடிவு செய்யுங்கள்.

ஏற்கெனவே போட்ட டைல் வெடிக்கிறது. எல்லாவற்றையும் பெயர்க்க வேண்டுமா?

வெடிப்பின் போக்கைப் பாருங்கள். கீறல் பல டைல்களைக் கடந்து ஒரே நேர்கோட்டில் ஓடினால், கீழே பிளைவுட்டின் அல்லது பலகையின் மூட்டு இருக்கிறது. அறையின் நடுப்பகுதியில் மட்டும் கிரவுட் தூளாகி உதிர்ந்தால் தீராந்தி வளைகிறது. அதற்குரிய மருந்து கீழிருந்தே செய்யக்கூடியது, நடுவிட்டம் வைத்த பின் கிரவுட்டைப் புதுப்பித்தால் பல இடங்களில் போதுமாகும். மழைக்காலத்தில் டைல்கள் கூடாரம் போல் ஒன்றையொன்று முட்டி எழும்பினால் சுவரோரத்தில் இடைவெளி விடப்படவில்லை. ஒரு நாணயத்தால் ஒவ்வொரு டைலாகத் தட்டி, வெற்றொலி எழும் டைல்களில் பென்சிலால் குறியிடுங்கள். குறிகள் ஒரு பக்கமாகத் திரண்டிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் திறந்து செப்பனிடலாம். அறை முழுவதும் சிதறிக் கிடந்தால், நடுவிலுள்ள ஒரு டைலைக் கழற்றி, அதன் கீழே பசையும் பலகையும் மரமும் எந்த நிலையில் உள்ளன என்று பார்த்த பின்பே புதிய டைலுக்கு முற்பணம் கொடுங்கள்.